பூ மழை பெய்தது காப்பிச் செடிக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

ஒன்பதாம் வகுப்பில் தூண்டல், துலங்கல் பாடம் படிக்கும் என் மகளோடு சென்ற ஞாயிறன்று ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். நாகலூர்ச் சாலையோரத்தில் அவள் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டாள், இலை மூடிக்கொண்டது. பக்கத்தில் ஊர்ந்த மரவட்டையைத் தொட்டாள், அது சுருண்டுகொண்டது. "இரண்டும் ஒன்றுதானா அப்பா?" என்று கேட்டாள். அதற்கே நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கிளையெல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டோம். பத்து நாள் முன்பு பெய்த மழையால் பூத்தது, இப்படிப் பூக்க வைக்கும் மழையைப் "பூ மழை" என்போம் என்றார் அவர். மூளையும் நரம்பும் இல்லாத செடி மழையை எப்படி அறிகிறது? அத்தனை செடிகளும் ஒரே நாளில் பூப்பது எப்படி?

பதில் 1: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

உங்கள் மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மரவட்டையின் உடலில் தொடுதலை உணரும் செல்கள் நரம்புக்குச் செய்தி அனுப்ப, நரம்பு தசைக்கு ஆணையிட, தசை சுருங்குகிறது. தொட்டாற்சிணுங்கிக்குத் தசையே கிடையாது. அதன் இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் சற்றுப் புடைத்த பகுதிகள் உண்டு. தொட்டவுடன் அங்கே ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால் அந்தச் செல்கள் விறைப்பை இழக்க, இலை மடிகிறது. வெளியேறிய நீர் திரும்பி வந்து இலை மீண்டும் விரியப் பல நிமிடங்கள் ஆகும்.

ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தொட்ட இடத்திலிருந்து செய்தி மின்துடிப்பாகவே பரவுகிறது. செடிகளில் ஓடும் இத்துடிப்பைத் தாமே வடிவமைத்த கருவிகளால் ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து காட்டினார். மனித நரம்புகளில் விரைவானவற்றில் துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் ஓடும். இச்செடியிலோ நொடிக்கு ஒருசில சென்டிமீட்டர்தான்.

பதில் 2: காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

ஐயா சொன்னது சரி. காப்பியின் கதை வேறு. மழையால் பூத்தது என்று நாங்களும் பேச்சுவாக்கில் சொல்வோம், ஆனால் அது பாதி உண்மைதான். அராபிகா வகைக் காப்பியின் மொட்டுகள் மழைக்கு வெகுநாள் முன்பே உருவாகி, நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்தில் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடக்கும். பனிக்காலம் முடிந்து மண் காய்ந்து செடி தாகத்தில் வாடும் அந்த வாரங்களில்தான் மொட்டுகள் விழித்தெழும் நிலைக்கு வருகின்றன. அதன்பின் மார்ச், ஏப்ரலில் ஒரு அங்குல அளவுக்குப் பூ மழை பெய்தால், மொட்டுக்குள் நீர் ஏறி, ஜிப்ரெலின் என்னும் ஹார்மோன் கூடி, எட்டுப் பத்து நாளில் தோட்டமே விரிந்துவிடும். எல்லாச் செடியும் ஒரே வறட்சியைக் கண்டு ஒரே மழையில் நனைந்தவை என்பதால் அவை நாள் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை.

வாராவாரம் நீர் பெற்ற செடிகள் பூக்காமல் நிற்க, வறட்சிக்குப் பின் நீர் கண்டவை பூத்ததை ஆல்விம் என்னும் ஆய்வாளர் 1960ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஓயாது மழை பெய்யும் நாடுகளில் காப்பி சிறுகச் சிறுகப் பூப்பதும், பழம் பறிக்கப் பல முறை ஆள் விட வேண்டியிருப்பதும் இதனால்தான். அரைகுறை மழை எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை: மொட்டு பாதி விரிந்து நின்றுவிடும்.

அஸ்தம்பட்டி வாசகர்

மிக்க நன்றி. அப்படியானால் மழை வராத ஆண்டில் குழாய் நீர் விட்டாலும் பூக்குமா?

பதில் 2: காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

பூக்கும். நீர் வசதி உள்ளவர்கள் ஸ்பிரிங்க்ளர் வைப்பது அதற்காகத்தான். ஆனால் செடி போதிய அளவு காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நீர் விட்டால் பூ சிதறிப் போகும்.

பதில் 3: உயிரியல் மாணவி, சேலம்

காப்பியில் முன்பு கண்ட வறட்சி, பிறகு வரும் மழைக்கான துலங்கலை மாற்றுகிறது. இப்படி முன்பு நடந்தது பின்வரும் துலங்கலை மாற்றுவதைத் தொட்டாற்சிணுங்கியிலும் காணலாம். 2014இல் வெளியான ஆய்வொன்றில், தொட்டியோடு செடியைப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்தனர். கேடு ஏதும் நேராததால் செடிகள் சிறிது நேரத்தில் இலை மூடுவதை நிறுத்திக்கொண்டன. களைத்துவிட்டனவோ என்று அறிய வேறு விதமாகக் குலுக்கியபோது மீண்டும் மூடின. இதைக் "கற்றல்" என்று அழைக்கலாமா என்பதில் அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். உங்கள் மகள் வீட்டுத் தொட்டியில் முயல விரும்பினால், விரலால் தொடாமல், மென்மையான துணியை விரித்து அதன்மேல் தொட்டி ஒரே உயரத்திலிருந்து விழுமாறு செய்து, எத்தனையாவது முறையில் இலை மூடாமல் நிற்கிறது என்று குறித்து வரச் சொல்லுங்கள்.