ஐஜெஸ் கோப்பு சாலிடாக மாறவில்லை: 0.1 டாலரன்ஸ் வைக்கலாமா?

கேள்வி: பிளாஸ்டிக் மூடி ஒன்றுக்கு அச்சு வடிவமைக்கிறேன். அதன் ஐஜெஸ் கோப்பு (IGES, கேட் மென்பொருள்களுக்கிடையே 3டி வடிவத்தைப் பரிமாறும் கோப்பு வகை) 412 தனித்தனி சர்ஃபேஸ்களாக, அதாவது தடிமனில்லாத முகங்களாகத் திறக்கிறது. 0.01 மிமீ டாலரன்ஸில் (விளிம்புகளுக்கிடையே அனுமதிக்கும் இடைவெளி) அவற்றை ஒன்றாகத் தைத்தால் 9 இடங்களில் திறந்த விளிம்பு. 0.1 வைத்தால் சாலிட் (முழுதும் மூடிய திட உருவம்) ஆகிவிடுகிறது. அப்படியே அச்சின் இரு பாதிகளான கோர், கேவிட்டி பிரிக்கலாமா?

பதில் 1: வேண்டாம். 0.1 வைத்தால் இடைவெளி மூடாது, மூடியதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு ஆஃப்செட்டும் (முகத்தைச் சம தூரம் தள்ளி வரைவது) ஷெல்லும் (உள்ளே குடைந்து சுவராக்குவது) அந்த விளிம்புகளில்தான் உடையும். அச்சின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனில் விழுந்தால் ஃபிளாஷ் (பிளாஸ்டிக் கசிந்து உருவாகும் மெல்லிய பிசிறு) வரவும் வாய்ப்பு. முதலில் ஸ்டெப் (STEP, இன்னொரு பரிமாற்றக் கோப்பு வகை) கோப்பு கேளுங்கள். எந்த முகம் எதோடு ஒட்டுகிறது என்ற தகவல் அதில் பொதுவாக இருக்கும், ஐஜெஸில் பெரும்பாலும் இருக்காது.

பதில் 2: ஸ்டெப் கிடைக்காவிட்டால் ஒன்பதையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபில்லெட் (வளைத்த மூலை) முடியும் இடத்தில் ஊசிபோல் மெல்லிய முகம் இருந்தால், அதை அழித்து, பக்கத்து முகங்களை நீட்டி ஒன்றோடொன்று வெட்டுங்கள். டிரிம் (முகத்தை எல்லைவரை வெட்டுவது) தவறியிருந்தால் அன்டிரிம் செய்து (வெட்டை நீக்கி), பக்கத்து விளிம்பை வைத்தே மறுபடி டிரிம் செய்யுங்கள். முகமே இல்லையென்றால் டேன்ஜென்ட் பேட்ச், அதாவது பக்கத்து முகங்களோடு வழவழப்பாக இணையும் ஒட்டு முகம். மூன்று பக்க ஓட்டையை மூன்று பக்க பேட்சால் மூடாதீர்கள்: ஒரு விளிம்பு புள்ளியாகச் சுருங்கி, ஆஃப்செட் அங்கே தோற்கும். பெரிய நான்கு பக்க சர்ஃபேஸ் போட்டு டிரிம் செய்வதே நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டை முகங்களையும் தேடுங்கள்.

கேட்டவர்: ஆறு இடங்கள் ஊசி முகங்கள்தான். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதை ஈடுகட்டும் சுருக்க அளவை இப்போதே கொடுக்கலாமா?

பதில் 3: கடைசியில் கொடுங்கள். முன்பே மாடலை 1.005-ஆல் பெருக்கிவிட்டால் மூலக் கோப்போடு விலகலை நேரடியாக ஒப்பிட முடியாது. பேட்ச் போட்ட முகங்களில் டிராஃப்ட் (பொருள் அச்சிலிருந்து எளிதாக வெளிவர வைக்கும் சரிவு) சோதனையும் அவசியம், அண்டர்கட் (வெளிவராமல் மாட்டிக்கொள்ளும் பகுதி) நுழைந்திருக்கலாம். அளவு தெரிந்த ஒரு துளையையும் அளந்துவிடுங்கள், 25.4 மடங்கு வித்தியாசம் வந்தால் அலகு அங்குலத்தில் வந்திருக்கிறது.