‘ஸ்ப்ளே’ என்ற ஆங்கில வினைக்குத் தமிழ்: உதவி தேவை

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களுக்கான மொழிபெயர்ப்புப் பயிற்சித்தாளுக்கு ‘ஸ்ப்ளே’ தேவைப்படுகிறது. ஓரிடத்தில் இணைந்திருப்பவை நுனியில் விலகி விரிவதுதான் பொருள்: விரல்கள், கால்கள், தேய்ந்த தூரிகையின் முடி. ‘விரி’ என்று மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் பாய், குடை, கொடி எல்லாவற்றுக்கும் ‘ஸ்ப்ளே’ போட்டுவிடுவார்கள். தமிழில் அவை எல்லாமே விரிகின்றனவே! ஆங்கிலத்திலோ பாய்க்கு ‘ஸ்ப்ரெட்’, குடைக்கு ‘ஓப்பன்’, சுருட்டிய கொடிக்கு ‘அன்ஃபர்ல்’.

கால்களுக்கு ‘அகட்டு’ கச்சிதம். நாற்காலியில்தான் சிக்கல். கீழே போகப்போக வெளிப்பக்கம் சாயும் கால்களையும் ‘ஸ்ப்ளேட்’ என்பார்கள். ‘அகன்ற கால்’ என்றால் தடித்த கால் என்று படுகிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்? சொல்லை மட்டும் தராமல் முழு வாக்கியமாக எழுதுங்கள், தயவுசெய்து.