பைத்தான் மொழியோட லிஸ்ட் உள்ளே அரேயா (ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஒட்டி அடுக்கினது), லிங்க்டு லிஸ்டா (ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு அம்பு போட்டுக் கோத்தது)? உங்களுக்கு எப்ப உறைச்சுது?

திருப்பூர்க்காரன்:
பனியன் கம்பெனி ஒண்ணுல பழைய ஸ்கிரிப்ட். பார்கோடு எல்லாத்தையும் லிஸ்ட்ல போட்டு, பாப்(0) குடுத்து முன்னாடி இருந்து ஒவ்வொண்ணா எடுக்கும். தினசரிக் கணக்குக்கு ஓடுச்சுங்க. வருசக் கணக்கை மறுபடி ஓட்டச் சொன்னாங்க, பத்து லட்சம் வரி, நகரவே மாட்டேங்குது. நெட்வொர்க்கு, டேட்டாபேஸுன்னு எல்லாரும் எங்கெங்கயோ தேடுனோம். ரேசன் கடை வரிசை மாதிரி, முன்னாடி ஒருத்தர் போனா அத்தனை பேரும் ஓரடி நகரணும். பைத்தான் லிஸ்ட் அரேதானுங்க. ரெண்டு முனையிலயும் போட்டு எடுக்கற டெக்குக்கு (deque) மாத்தி, முன்னாடி இருந்து எடுக்கற பாப்லெஃப்ட் போட்டேன். திரையில அந்த எண்ணிக்கை சரசரன்னு இறங்குனது இன்னும் கண்ணுலயே நிக்குது.

கோபி பொண்ணு:
எனக்கு சரவணம்பட்டி இன்டர்வியூ. லிங்க்டு லிஸ்டைத் திருப்பச் சொன்னாங்க. போர்டுல மூணு பெட்டி, நடுவுல அம்பு. அவரே முதல் அம்பை அழிச்சுட்டு, "இப்ப மீதி ரெண்டு பெட்டிக்கு எப்படிம்மா போவே?"ன்னார். வழியே இல்லை. அடுத்த நோடை, அதான் அந்தப் பெட்டியை, தனியாப் பிடிச்சு வெச்சுட்டுத்தான் அம்பைத் திருப்பணும்னு அந்த நிமிசம் புரிஞ்சுது. ஆனா லிஸ்டைத் திருப்பற ரிவர்ஸ் கைவசம் இருக்கற பைத்தான்ல இதை எதுக்குங்க கேக்கறாங்க?

ஈரோடு மஞ்சள்:
எதுக்கான்னு கேக்காதீங்க தங்கச்சி. மேல அண்ணன் போட்ட டெக்கே உள்ளுக்குள்ள லிங்க்டு லிஸ்ட்தான். சீபைத்தான்ல, அதான் நாம வழக்கமா ஓட்டற பைத்தான்ல, 64 பொருள் பிடிக்கற பிளாக்குகளை ரெண்டு பக்கமும் கோத்திருக்கு. அதனால ரெண்டு முனையிலயும் வேகம். நடுவுல அஞ்சு லட்சமாவது வேணும்னா பிளாக் பிளாக்கா நடந்துதான் போகணும். லிஸ்ட்னா ஒரே தாவல். காலி லிஸ்டை எடுத்து ஒவ்வொண்ணா அப்பெண்ட் பண்ணி (கடைசியில சேத்து), எத்தனை பைட்டுன்னு சொல்ற கெட்சைஸ்ஆஃப்ல பாருங்க: 64 பிட் மெஷின்ல காலியா இருக்கறப்ப 56, முதல் பொருளுக்கு 88, அஞ்சாவதுக்கு 120, ஒம்பதாவதுக்கு 184. முன்கூட்டியே இடம் பிடிச்சு வெச்சுக்குது, அதான் அப்பெண்ட் மலிவு. நான் பசங்களுக்கு இதைத்தான் முதல்ல காட்டுவேன். ஒருத்தன் நாலு தடவை 88 வந்ததைப் பாத்துட்டு, "லிஸ்ட் வளரலீங்களா?"ன்னான். அந்தக் கேள்வியில இருந்தே பாடம் நடத்திட்டேன்.

திருப்பூர்க்காரன்:
ஏனுங்ணா, கேன்சல் ஆன ஆர்டரை நடுவுல இருந்து உருவணும்னா? டெக்ல தேடுனா மறுபடி இழுக்குது.

ஈரோடு மஞ்சள்:
சாவி குடுத்தா பொருளைத் தர்ற, சேத்த வரிசையும் மாறாத ஆர்டர்டுடிக்ட் போடுங்க. ஆர்டர் நம்பர்தான் சாவி. நேரா போய் டெலிட் பண்ணலாம், முன்னாடி இருந்து எடுக்க பாப்ஐட்டம்ல லாஸ்ட்டை ஃபால்ஸ்னு குடுங்க. அதுக்குள்ளயும் லிங்க்டு லிஸ்ட்தான் இருக்குது, தங்கச்சியும் பாத்துக்கோங்க.