எஸ்எஃப்டிபியில் கடவுச்சொல் நுழைவை மூடத்தான் வேண்டுமா?

மணிமாறன்:
கோப்புப் பரிமாற்றத்தைக் குறியாக்கம் இல்லாத பழைய முறையான எஃப்டிபியிலிருந்து, எஸ்எஸ்எச் என்ற குறியாக்க இணைப்பின் வழியே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாற்றிவிட்டோம். இப்போது நிர்வாகி, கடவுச்சொல்லே வேண்டாம், கணினியில் சாவிக் கோப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் நுழையட்டும் என்கிறார். எல்லாமே குறியாக்கத்தில்தானே போகிறது? நீளமான கடவுச்சொல் போதாதா?

வலைக்காவலன்:
போதாது. குறியாக்கம் நடுவழியில் ஒட்டுக்கேட்பவரைத்தான் தடுக்கும். எஃப்டிபியில் கடவுச்சொல் அப்பட்டமாகப் போகும். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டதால்தான் 1995இல் டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச்-ஐ எழுதினார். அந்தச் சிக்கல் தீர்ந்தது, சரி. ஆனால் மறுமுனையில் கடவுச்சொல் மறுபடி வெளிப்பட்டுவிடுகிறதே! அங்கே இருப்பது போலி சர்வர் என்றால், நீங்களே அதைக் கையில் கொடுத்த மாதிரி. சாவி முறையில் இரண்டு சாவிகள் ஜோடியாக இருக்கும்: பொதுச்சாவி சர்வரில் இருக்கும், தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. போவது அந்தத் தனிச்சாவியால் போட்ட ஒரு டிஜிட்டல் கையொப்பம் மட்டும். அதுவும் அந்த ஓர் இணைப்புக்கான அடையாளத்தைச் சேர்த்துப் போட்டது. அதை எடுத்துப்போய் வேறு சர்வரில் காட்ட முடியாது.

தேன்மொழி:
இங்கேதான் மாறுபடுகிறேன். போலி சர்வர் எந்தச் சாவியைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டு உள்ளே விடலாம். சாவியோடுதான் நுழைந்தீர்கள், ஆனால் சம்பளப் பட்டியல் திருடனிடம் போய்விட்டது! உண்மையில் காப்பது சர்வரின் ஃபிங்கர்பிரின்ட்டை, அதாவது அதன் சொந்தச் சாவியின் சுருக்க அடையாளத்தை, சரிபார்ப்பதுதான். முதல் இணைப்பில் அதைக் காட்டி 'இந்த சர்வரை நம்பலாமா?' என்று வரும் கேள்விக்குப் படிக்காமலே 'யெஸ்' அடித்தால் எந்த முறையும் உதவாது. சரிபார்த்துவிட்டால் கடவுச்சொல்லும் போலியிடம் போகாது. அப்புறம், வேலையை விட்டுப் போனவரின் பொதுச்சாவியை எத்தனை பேர் நீக்குகிறார்கள்? கடவுச்சொல் பூட்டே போடாத தனிச்சாவியை மின்னஞ்சலில் அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வலைக்காவலன்:
ஃபிங்கர்பிரின்ட் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் கடவுச்சொல்லை ஊகிக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓயாமல் தட்டும். யாரோ ஒருவர் எளிதான கடவுச்சொல் வைத்திருந்தால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள். கடவுச்சொல் நுழைவையே மூடிவிட்டால் ஊகிக்க என்ன இருக்கிறது? போனவர்களின் சாவிக்கும் வழி உண்டு: பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்-இல், சாவிக்குக் காலாவதித் தேதியோடு சான்றிதழ் கொடுக்கலாம்.

தேன்மொழி:
சான்றிதழ் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போதாவது ஒரு கோப்பு ஏற்றும் வெளியாட்கள் மீது அதைத் திணிக்காதீர்கள். கடவுச்சொல்லோடு ஒருமுறைக் குறியீடும் கேட்கட்டும்; ஷெல் (கட்டளை இடும் வசதி) தராமல் ஒரே ஃபோல்டருக்குள் அடைத்துவிடுங்கள்.

மணிமாறன்:
இரண்டையும் ஒரே சர்வரில் வைக்க முடியுமா?

வலைக்காவலன்:
தாராளமாக. அமைப்புக் கோப்பில் 'மேட்ச் குரூப்' என்று போட்டுக் குழுவுக்குக் குழு விதி எழுதலாம். பொது விதியில் கடவுச்சொல்லை மூடும்போது 'கீபோர்டு இன்டராக்டிவ்' (சர்வர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை) நுழைவையும் மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியாட்களை அடைக்கும் ஃபோல்டர் ரூட் எனப்படும் சர்வரின் தலைமை நிர்வாகக் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எழுதும் அனுமதி இருந்தால் உள்ளேயே விடாது. கோப்பு ஏற்ற அதனுள் இன்னொரு ஃபோல்டர் உருவாக்கிக் கொடுங்கள்.