சின்னக் கச்சேரிக்கு பவர்டு மிக்ஸரா, ஆக்டிவ் ஸ்பீக்கரா?

கீபோர்டுபிள்ளை: கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழான்னு போற சின்ன மெல்லிசைக் குழு எங்களுது. ரெண்டு பாட்டு மைக், கீபோர்டு, தபேலா, புல்லாங்குழல். கூட்டம் 150 பேருக்குள்ள. சவுண்டுக்குத் தனி ஆள் கிடையாது, வாசிச்சுக்கிட்டே நான்தான் பார்க்கணும். யமஹா இஎம்எக்ஸ்5 மாதிரி பவர்டு மிக்ஸர் எடுக்கலாமா, இல்ல ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்குள்ளயே இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கரா?

மைக்செட்காரன்: பவர்டு மிக்ஸரே தாராளமா எடுங்க தம்பி. ஆம்ப்ளிஃபயர் மிக்ஸருக்கு உள்ளயே இருக்கு. மேடையில ஒரு பிளக் பாயின்ட் போதும், ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் ஒயர் இழுத்தா வேலை முடிஞ்சது. ஆக்டிவ்னா ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கரன்ட் இழுக்கணும்; இதுல அது இல்ல, கோயில் வாசல்ல தூறல் போட்டா, ஸ்டாண்டுக்கு அடியில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நனையுதேன்னு ஓட வேண்டாம்.

ஓரத்து_ஸ்பீக்கர்: இதை ஒத்துக்க மாட்டேன் அண்ணே. எல்லாம் ஒரே பெட்டியில இருந்தா, ஆம்ப் போச்சுன்னா கச்சேரியே போச்சு. ஆக்டிவ்ல ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு பாடும். சத்தம் எல்லை மீறாம பிடிக்கிற லிமிட்டர், பேஸையும் ட்ரெபிளையும் பிரிக்கிற கிராஸோவர் எல்லாம் அந்தந்த ஸ்பீக்கருக்குன்னே செட் பண்ணி வருது. பவர்டு மிக்ஸர்ல பலதுக்கு ஃபேன் வேற. புல்லாங்குழல் மைக் பக்கத்துல வெச்சா அந்த இரைச்சலும் சேர்ந்து கேட்கும்.

மைக்செட்காரன்: பந்தி சத்தத்துக்கு நடுவுல ஃபேன் சத்தம் யாருக்குங்க கேட்கப் போகுது? மண்டபத்துல மேடைக்கு இடது பக்க பிளக் ஒரு ஃபேஸ், வலது பக்கம் வேற ஃபேஸா இருக்கும், எர்த் இருக்கிறது சந்தேகம். ஆக்டிவை அங்கங்க செருகிட்டு, ஹம்மை (ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்'ங்கிற கரன்ட் இரைச்சலை) தேடி அலையுறவங்களைத்தான் நான் பார்க்கிறேன்.

ஓரத்து_ஸ்பீக்கர்: ஒரே போர்டுலேருந்து ரெண்டுக்கும் கரன்ட் எடுத்து, இரைச்சலை அடக்குற பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூணு முள் மைக் கேபிள்) போட்டா பெரும்பாலும் அடங்கிடும். அதுக்குச் சோம்பல்பட்டா எந்தப் பெட்டியும் ஹம் அடிக்கும்.

தாளக்கட்டு: நடுவுல வர்றேன். அந்த மாடல்ல பக்கத்துக்கு 630 வாட்னு போட்டிருக்கிறது 4 ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை) கணக்கு. பக்கத்துக்கு ஒரு 8 ஓம் ஸ்பீக்கர்னா 460 வாட்தான். கவலைப்படாதீங்க, வித்தியாசம் ஒன்றரை டெசிபல்கூட இல்ல. வாட்டை இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபல்தான் ஏறும். ஆனா ஆசைப்பட்டு ஒரு பக்கம் மூணு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலா மாட்டினா 2.7 ஓமுக்கு இறங்கி, ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்கிற ப்ரொடெக்‌ஷனுக்குப் போயிடும். கோயில் குழாய் ஸ்பீக்கரையும் இதுல மாட்டாதீங்க. பெரும்பாலும் 100 வோல்ட் லைன், அதாவது வேற வகை ஆம்ப்புக்கான ஸ்பீக்கர்; இதுல முனகல்தான் வரும்.

ஓரத்து_ஸ்பீக்கர்: சரி, தபேலாக்காரர் மேடையில கேட்டு வாசிக்க மானிட்டர் ஸ்பீக்கர்? ஆம்ப் சேனல் ரெண்டும் மெயினுக்கு (கூட்டத்தைப் பார்த்த ஸ்பீக்கருக்கு) போயிட்டா, கடைசியில ஒரு ஆக்டிவ் வாங்கித்தானே ஆகணும்?

மைக்செட்காரன்: மெயினை மோனோவா ஒரு சேனல்ல விடுங்க. ரெண்டு 8 ஓம் பேரலல், சரியா 4 ஓம். இன்னொரு சேனல் மானிட்டருக்கு. அந்தக் கூட்டத்துல ஸ்டீரியோ கேட்டுச்சான்னு யார் வந்து விசாரிக்கப் போறாங்க? இப்படிப் பிரிக்கிற வசதி எல்லா மாடல்லயும் இருக்காது, கடையிலேயே பார்த்துக்குங்க.

கீபோர்டுபிள்ளை: எங்ககிட்ட 12 இன்ச் பேசிவ் ஸ்பீக்கர் (உள்ள ஆம்ப் இல்லாதது) ரெண்டு ஏற்கெனவே இருக்கு. 8 ஓம்.

ஓரத்து_ஸ்பீக்கர்: அட, அப்போ பவர்டு மிக்ஸரே வாங்குங்க தம்பி! நான் வாதாடினது எல்லாத்தையும் புதுசா வாங்குறவங்களுக்காக. ஸ்பீக்கருக்கு கிட்டார் கேபிளை மட்டும் மாட்டிடாதீங்க, ஜாக் பொருந்துதேன்னு நிறைய பேர் செருகிடுறாங்க. உள்ளே கம்பி மெல்லிசு, சூடாகிடும். ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்குன்னே இருக்கிற, திருகிப் பூட்டுற பிளக்) போட்ட தடிமனான ஒயரா வாங்குங்க.

மைக்செட்காரன்: இதையே முதல் பதிவுல சொல்லியிருந்தா நாம சண்டை போட்டிருக்க வேண்டாமே தம்பி.

ஓரத்து_ஸ்பீக்கர்: ஃபேன் விஷயத்துல நான் இன்னும் மாறல அண்ணே.