அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: தனியார் மருத்துவமனையின் மதிப்பீட்டை நம்பிக் கையெழுத்திடலாமா?

பிறைவாசி:

வணக்கம். பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 68. இரு முழங்கால்களிலும் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதாக எக்ஸ்ரே காட்டுகிறது. மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஊசி, பிசியோதெரபி என எல்லாம் பார்த்தாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீண்டுகொண்டே போவதால், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையை அணுகினோம். ஒரு காலுக்கு ஏறத்தாழ 32,000 ரிங்கிட் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடையாது. செலவை நானும் தங்கையும் பகிர்ந்துகொள்கிறோம். அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டால் வேதனையும் ஒரே தடவையோடு போய்விடும் என்கிறார்கள் உறவினர்கள். அது சரிதானா?

கணக்கர்_ஓய்வு:

தனியார் மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு வரித் தொகையை வைத்துக் கையெழுத்திடாதீர்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார்கள். தனியார் மருத்துவர்களின் கட்டணத்துக்கு, தனியார் மருத்துவமனைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிமுறைகளில் உச்சவரம்பு உண்டு. அறுவை நிபுணரின் கட்டணமும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் செயற்கை மூட்டு, அறுவைக்கூடம், மருந்து, கட்டுத்துணி என்று மருத்துவமனை தன் பங்குக்கு விதிக்கும் கட்டணங்களுக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை. பில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே எந்த நிறுவனத்தின் மூட்டு, அதன் விலை என்ன, மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் எலும்புச் சிமெண்டு அதில் சேர்ந்ததா, எத்தனை இரவுகள் கணக்கில் எடுக்கப்பட்டுள்ளன, சர்க்கரைக்காகவோ இதயத்துக்காகவோ வேறொரு நிபுணரை அழைத்தால் என்ன ஆகும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு வைக்க நேர்ந்தால் எவ்வளவு என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் பிசியோதெரபி பெரும்பாலான மதிப்பீடுகளில் இருப்பதில்லை.

பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. பணம் கட்டியவரே அதைக் கோர முடியும் என்பதால், நீங்களும் தங்கையும் ரசீதுகளைத் தனித்தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது அவசரப்பட்டு மருத்துவ அட்டை எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது உதவாது.

தண்டவாளச்_சாலை:

கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். இரு கால்களையும் ஒரே நேரத்தில் செய்வது தவறு என்று சொல்ல மாட்டேன். இதயம் உறுதியாக இருக்கும் சிலருக்கு அதைச் செய்வதுண்டு. இரத்த இழப்பும் இதயத்தின் மீதான சுமையும் அதில் கூடுதல் என்பதால், உங்கள் தாயாரின் நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலான நிபுணர்கள் ஒரு காலை முடித்து, சில மாதங்கள் கழித்தே மறு காலைத் தொடுவார்கள். ஒரு கால் சரியானால் அதை ஊன்றி நிற்கலாம். இரண்டும் புண்ணாக இருந்தால் கழிப்பறைக்கு எழுந்து போவதற்கே இருவர் வேண்டியிருக்கும்.

தேதி குறிப்பதற்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) பாருங்கள். அது 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பலர் அறுவையைத் தள்ளிவைப்பார்கள், ஏனெனில் செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் அதைக் கழற்றி எடுக்கும் நிலைகூட வரலாம். சொத்தைப் பல்லையும் முன்னதாகவே சரிசெய்துவிடுங்கள்.

பொதுவாக அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். முதல் ஆறு வாரங்களில் காலை மடக்கவும் நீட்டவும் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும். பாசத்தில் பிள்ளைகள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் தடுக்க வேண்டியிருக்கிறது: வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். கால் மடங்கிய நிலையிலேயே பழகி, பிறகு முழுமையாக நீளாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாக மெத்தையை நோக்கித் தாழ விடுங்கள். வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து, அது வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ, இரத்தக் கட்டாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பாயா_தெருபோங்_அக்கா:

நான் செய்துகொண்டவள், தம்பி. முதல் இரண்டு வாரம் ஏன் செய்தோம் என்றுதான் இருக்கும். அம்மாவிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முன்பு இருந்த தேய்மான வலி எனக்குப் போய்விட்டது. ஆனால் தழும்பின் வெளிப்பக்கத்தில் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது, படியில் இறங்கும்போது டக் டக் என்று ஒரு சத்தமும் கேட்கும். இரண்டும் சகஜம் என்றார் மருத்துவர். ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். அப்படிச் சொல்கிற மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள்.

பிறைவாசி:

அனைவருக்கும் நன்றி. பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கேட்டிருக்கிறோம்; ஒரு கால் மட்டும் என்றும் முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரு சந்தேகம். வீட்டில் இருப்பது குந்தும் கழிப்பறை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏற வேண்டும் என்பதும் அம்மாவின் ஆசை.

தண்டவாளச்_சாலை:

குந்துவதை மறந்துவிட வேண்டியதுதான். உட்காரும் கழிப்பறையையும் சுவரில் கைப்பிடியையும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். அதற்குரிய தொகையையும் 32,000 ரிங்கிட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். படி ஏறுவது முடியாத காரியமன்று. ஏறும்போது அறுவை செய்யாத காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த காலை. ஆனால் அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், மறு காலும் தேய்ந்தே இருக்கிறது. இந்த ஆண்டு அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.