லகூனாவில் குடியேறியிருக்கிறீர்களா? ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள்

பிலிப்பைன்ஸின் லகூனா மாகாணத்தில், லாஸ் பான்யோஸ், காலம்பா, சான்டா க்ரூஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் நம் ஆட்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தெரு முழுக்கக் கலர் தோரணம் கட்டிவிட்டார்கள், பக்கத்து வீட்டு அம்மா "எங்கள் ஃபியெஸ்டா, மதியம் வாருங்கள்" என்கிறார், முன்பின் பழக்கமில்லையே, போகலாமா, கையில் என்ன கொண்டுபோவது, சைவம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

கட்டாயம் போங்கள். அவர்கள் மரியாதைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். ஸ்பானியர்கள் 1565இல் வந்து ஆட்சியைப் பிடித்தபின், சிதறிக் கிடந்த குடியிருப்புகளைத் தேவாலய மணி கேட்கும் தூரத்துக்குள் கொண்டுவந்து ஊர்களாக்கினார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாதுகாவல் புனிதர். அந்தப் புனிதரின் நாள்தான் ஊரின் நாள். பிற்பாடு ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு பராங்காயும் (ஊரின் சிறு நிர்வாகப் பிரிவு) தனக்கென ஒரு விழா வைத்துக்கொண்டது. அதனால் லகூனா மாகாணத்தில் வருடம் முழுக்க எங்காவது ஒரு மூலையில் ஃபியெஸ்டா நடந்துகொண்டேதான் இருக்கும். ஒன்பது நாள் நவநாள் ஜெபம், முந்தின நாள் 'பிஸ்பெராஸ்', விழா அன்று விடிவதற்குள் பேண்டு வாத்தியம் தெருவைச் சுற்றும். மதியம் வீட்டுக் கதவெல்லாம் திறந்திருக்கும். யார் வந்தாலும் பரிமாறுவதற்கென்றே சமைத்து வைத்திருப்பார்கள். சொந்தக்காரரின் நண்பர், அந்த நண்பரின் அலுவலகத் தோழர் என்று முகம் தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சாப்பிடாமல் எழுந்து வந்தால் அந்த வீட்டம்மாவுக்கு மனசு கஷ்டப்படும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இந்தியர் என்றாலே பலருக்கு மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிப் பணம் வசூலிக்கும் 'பும்பாய்' தான் நினைவுக்கு வரும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பெயரைச் சொல்லியே பயமுறுத்தி வளர்த்திருப்பார்கள். நாம் கேட்டை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தால் அந்த எண்ணம் மாற வழியில்லை. ஒருமுறை அவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு நம்மைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புயல் வந்து மின்சாரம் போன ராத்திரி கதவைத் தட்டி விசாரிக்கிறவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். என்னைக் கேட்டால், பேர்பெற்ற பெரிய விழாக்களைக் கேமராவோடு பார்க்கப் போவதற்கு முன்னால் உங்கள் தெரு ஃபியெஸ்டாவுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வாருங்கள்.

வீட்டுக்குள் போனதும் பெரியவர்களிடம் கை குலுக்க வேண்டாம். அவர்கள் கையை எடுத்து உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டு "மானோ போ" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், பாட்டிகள் உருகிப்போவார்கள். பேச்சில் அங்கங்கே "போ" சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் இவர்களுடைய மரியாதைச் சொல். கைநிறையப் பரிசு வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, பழமோ கேக்கோ போதும். நான் தேங்காய் பர்பி செய்துகொண்டு போவேன். இது தென்னை விளையும் மாகாணம், தேங்காய் இனிப்பு இவர்களுக்கு நன்றாகவே பிடிக்கும். கிளம்பும்போது மிச்ச உணவைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள். வேண்டாம் என்று தள்ளாதீர்கள்.

அடுத்து சைவம். அதிகம் பேர் தடுமாறுவது இதில்தான்.

"நான் வெஜிடேரியன்" என்று சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். காய்கறி விரும்பிச் சாப்பிடுபவர் என்று எடுத்துக்கொண்டு பினக்பெத் கொண்டுவந்து வைப்பார்கள். கத்தரிக்காய், பாகற்காய், பூசணி என்று பார்க்க நம் கூட்டு போலவே இருக்கும், ஆனால் அதில் இறால் விழுது போட்டிருக்கும், பன்றித் துண்டும் கிடக்கும். அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் விலக்க வேண்டும். வாலாங் கர்னே என்றால் இறைச்சி இல்லாமல், வாலாங் இஸ்தா என்றால் மீன் இல்லாமல். கூடவே வாலாங் பகோஓங், வாலாங் பாத்திஸ் என்றும் சொல்லுங்கள். பகோஓங் என்பது புளிக்கவைத்த இறால் அல்லது மீன் விழுது, பாத்திஸ் என்பது மீன் சாறு. இதையெல்லாம் பந்தியில் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்கள் பதறிப்போவார்கள். முந்தின நாளே வீட்டம்மாவைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று தனியாக எதையாவது எடுத்துவைத்துவிடுவார்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை உண்டு. வெள்ளைச் சோறு, இலையில் சுற்றி வேகவைத்த சுமான், ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய பிகோ, சாபா வாழைப்பழமும் மாவு உருண்டையும் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்த கினத்தாஆன், பிறகு பழங்கள். குலாமான் எனும் ஜெல்லி கடற்பாசியில் செய்வது, பயமில்லை. லெச்சே ஃப்ளான் எனும் கஸ்டர்டு இனிப்பில் முட்டை மஞ்சள் கரு நிறைய இருக்கும். பன்சித் நூடுல்ஸ் காய்கறி மயமாகத் தெரிந்தாலும் கறிச் சாற்றில் வெந்தது. சின்னச் சின்னதாகப் பொரித்து அடுக்கியிருக்கும் லும்பியாவுக்குள் அநேகமாகப் பன்றிக்கறி. கறுப்புக் குழம்பாக இருக்கும் தினுகுவான் பன்றி ரத்தத்தில் செய்வது, குழந்தைகள் ஏதோ சாஸ் என்று நினைத்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிட்டாலும் மாட்டுக்கறி வேண்டாம் என்பவர்கள் 'பாகா' இருக்கிறதா என்று கேளுங்கள். கல்தெரேத்தா மாட்டுக்கறியாகவும் இருக்கும், ஆட்டுக்கறியாகவும் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பன்றிக்கறியைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் 'பாபோய்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சமைத்த எண்ணெயையும் விசாரியுங்கள், பன்றிக்கொழுப்பில் பொரிக்கும் வீடுகள் இருக்கின்றன.

மேசை நடுவில் முழுப் பன்றியைத் தலையோடு வாட்டி வைத்திருப்பார்கள், அதுதான் லெச்சோன். முதல்முறை பார்க்கும் பிள்ளை அழுதுவிடும். வீட்டிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே போனதும் இனிப்பு இருக்கும் பக்கமாக உட்காரவையுங்கள். நம் முகம் சுளிப்பதை அந்தக் குடும்பம் பார்க்கக் கூடாது. பல வீடுகளில் மாதக்கணக்கில் பணம் சேர்த்துத்தான் அந்த லெச்சோனை வாங்கியிருப்பார்கள்.

இனி மே மாதத்துக்கு வருவோம். எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

மே 15 புனித இசிதோர் நாள், இங்கே சான் இசிட்ரோ லாப்ரடோர் என்பார்கள். மாட்ரிட்டில் பண்ணையாளாக இருந்தவர். அவர் ஜெபத்தில் இருந்தபோது தேவதூதர்கள் வந்து ஏர் ஓட்டினார்கள் என்பது கதை. உழவர்களின் புனிதர். பக்கத்து கேசோன் மாகாணத்தில், பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கும் லுக்பான் ஊரில் அன்றைக்குப் பஹியாஸ் திருவிழா. விளைந்ததையெல்லாம் வீட்டு முகப்பில் கட்டித் தொங்கவிடுவார்கள்: நெற்கதிர், காய்கறி, வாழைத்தார், அந்த வீட்டார் முடைகிற பனையோலைத் தொப்பி எல்லாம். அதோடு கிப்பிங். அரைத்த அரிசி மாவை மரத்திலையில் மெல்லியதாகப் பூசி, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயவைப்பார்கள். நம் வீட்டு இலை வடாமேதான், நரம்பு நரம்பாக இலையின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். அதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் ஏற்றி, நூற்றுக்கணக்கில் கோத்து, அரங்யா எனும் பெரிய சரவிளக்குகளாகச் செய்து மாடியிலிருந்து தொங்கவிடுவார்கள். வெயில் அதில் பட்டு ஊடுருவும்போது தெருவே நிறம் மாறிவிடும்.

ஊர்வலம் வருடா வருடம் ஒரே தெரு வழியாகப் போகாது. இந்த வருடம் எந்தத் தெருவுக்கு முறையோ அந்தத் தெரு வீடுகள்தான் முழு அலங்காரத்தில் இருக்கும், சிறந்த வீட்டுக்குப் பரிசும் உண்டு. எந்தத் தெரு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு பக்கம் சுற்றிவிட்டுத் திரும்ப நேரும். நடக்கும்போது பசித்தால் பன்சித் ஹப்ஹப் விற்பார்கள், வாழையிலைத் துண்டில் வைத்து வினிகர் தெளித்துத் தருவார்கள். முள்கரண்டியும் இல்லை, கையும் படக்கூடாது, இலையிலிருந்து நேராக வாய்க்கு. சைவர்களுக்கு ஆகாது. கிப்பிங்கைத் தாராளமாக வாங்குங்கள், எண்ணெயில் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும். அலங்காரத்தில் தொங்குவதைப் பிள்ளைகள் பறிக்கக் கூடாது. விழா முடிந்ததும் வீட்டுக்காரர்களே கழற்றிக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள்.

லாஸ் பான்யோஸில் இருக்கும் நம் குடும்பங்களில் பாதிப்பேர் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். 1960இல் தொடங்கிய நிலையம். 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 ரகம் நம் ஊர் வயல்களிலும் விளைந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். வேலை நாளெல்லாம் நெல்லைத் தரவாகவும் மாதிரியாகவும் பார்க்கிறவர்கள், அதே நெல்லை வாசலில் கட்டி நன்றி சொல்லும் ஊரை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதே மே 15 அன்று பக்கத்து ஊர்களிலும் விழா உண்டு. தயாபாஸில் கூட்டத்துக்கு நடுவே சுமான் பொட்டலங்களை வீசுவார்கள். சரியாயாவில் மூங்கில் கொப்பில் தின்பண்டங்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஊர்வலம் கடந்ததும் எல்லோரும் பாய்ந்து பறிப்பார்கள். கைக்குழந்தையோடு சரியாயா வேண்டாம். முந்தின நாள், 14ஆம் தேதி, புலகான் மாகாணத்துப் புலிலானில் அலங்கரித்த எருமைகளைத் தேவாலயத்துக்கு முன்னால் மண்டியிடவைப்பார்கள். புலகானிலேயே ஒபாண்டோ ஊரில் மே 17 முதல் 19 வரை பிள்ளைவரம் வேண்டித் தம்பதிகள் ஆடுவார்கள். அங்கே முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள், கண்ணீரோடு ஆடுகிறவர்கள் இருப்பார்கள்.

நம் லகூனாவிலேயே பாக்கில் ஊரின் துரும்பா எனக்குப் பிடித்தது. வியாகுல அன்னையின் படத்தைத் தூக்கிக்கொண்டு பாடி ஆடிப் போகும் ஊர்வலம், குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியில் தொடங்கிப் பல வாரம் விட்டுவிட்டு நடக்கும். ஜனவரியில் சான் பாப்லோவில் தேங்காய்த் திருவிழா. ஜூன் 19 காலம்பாவில் பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் பிறந்தநாள், 1861இல் அவர் பிறந்த ஊர் அது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை. பூசைக்குப் போகாவிட்டாலும் அந்த நேரத்தில் தேவாலய வாசலுக்குப் போய்ப் பிபிங்கா எனும் அரிசிமாவுக் கேக்கும், மூங்கில் குழாயில் வேகவைத்த ஊதா நிறப் புட்டோ பும்போங்கும் சுடச்சுட வாங்கிச் சாப்பிடுங்கள்.

கீழே ஒரு தங்கை, "நாங்கள் இந்துக்கள், ஊர்வலத்திலும் பூசையிலும் கலந்துகொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. யாரும் மதம் கேட்க மாட்டார்கள். தோள், முழங்கால் மூடிய உடை போதும். நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள், அது கத்தோலிக்கருக்கு மட்டும். சொரூபம் உங்கள் வீட்டைக் கடக்கும்போது எழுந்து நின்றால் போதும், மெழுகுவர்த்தி ஏற்றினால் இன்னும் சந்தோஷப்படுவார்கள்.

விழாக் குழு கவர் கொடுத்துவிட்டுப் போனார்கள், பணம் போட்டே ஆக வேண்டுமா என்று வேலூர்த் தம்பி கேட்டிருக்கிறார். விழாக் குழு நன்கொடைக் கடிதத்தோடு கவர் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்தான். பராங்காய் அலுவலகத்திலிருந்து வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை, முடிந்த தொகையைப் போடுங்கள். வெறும் கவராகத் திருப்பிக்கொடுக்க வேண்டாம். விழா வாரத்தில் வீடியோகே (திரையில் வரி பார்த்துப் பாடும் கரோக்கி) பாட்டு இரவு நெடுநேரம் போகும். கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் நீங்களே போய்ச் சண்டை போடாமல் பராங்காய் தனோத் எனும் காவல்காரர்களிடம் சொல்லுங்கள், பக்குவமாகப் பேசிக் குறைப்பார்கள். பிள்ளைகளை மாலையில் விளையாட்டுக்கு அனுப்புங்கள். வழுக்குமரமும் உறியடியும் இங்கேயும் உண்டு, வழுக்குமரத்துக்கு மூங்கில், உறியடிக்கு மண்பானை. நம் பிள்ளைகள் கூச்சம் விட்டுக் கலப்பது அங்கேதான்.

திரும்பக் கூப்பிடுவதை மறக்காதீர்கள். பொங்கலன்று அக்கம்பக்கத்தவரை வீட்டுக்கு அழையுங்கள். அரிசியும் வெல்லமும் அவர்களுக்குப் புதிதல்ல, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள். காரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

லுக்பானுக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சான்டா க்ரூஸிலிருந்து பக்சன்ஹான், கவிந்தி, லூயிசியானா வழியாக ஜீப்னி எனும் சிறு பயணிகள் வண்டி போகிறது. ஆனால் விழா அன்று ஊருக்கு வெளியிலேயே வண்டிகள் நின்றுவிடும், மிச்ச தூரம் நடைதான். இருட்டோடு கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் வீடுகளைப் பார்க்கலாம், பிற்பகலில் மலைப்பக்கம் மழை வந்துவிடும். குடை, தண்ணீர், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பையை முன்பக்கமாக மாட்டுங்கள். சேர்ந்து வேன் எடுக்க நினைப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று இங்கேயே எழுதுங்கள். மே முதல் வாரத்துக்குள் சொன்னால்தான் வண்டி கிடைக்கும்.